மார்ச்சில் கோடை, ஏப்ரலில் உறைபனி: சிகாகோ சமூகத் தோட்டம் ஒன்றின் 2012

## பின்னணி

தோட்டம் இருப்பது சிகாகோவின் மேற்குப் பகுதியில், மிச்சிகன் ஏரிக்கரையிலிருந்து ஏறத்தாழ 12 கிலோமீட்டர் உள்ளே. இடிக்கப்பட்ட இரண்டு வீடுகளின் மனைகளைச் சேர்த்து அக்கம்பக்கத்தார் உருவாக்கியது. இப்படிப்பட்ட மனைகளில் பழைய பெயின்ட்டின் ஈயம் மண்ணில் கலந்திருக்கும். அதனால் காய்கறிகளைத் தரையில் நடாமல், 1.2 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் நீளம், 30 சென்டிமீட்டர் உயரத்தில் 24 மேட்டுப்பாத்திகள் கட்டியிருந்தார்கள். வெளியிலிருந்து வந்த மேல்மண்ணும் மட்கு உரமும் அவற்றில் நிரப்பப்பட்டிருந்தன. அடியில் இருப்பது பனியாறுகள் விட்டுச்சென்ற இறுகிய களிமண்.

ஓரமாகத் தரையில் எட்டு மரங்கள். குட்டை வேர்க்கட்டையில் ஒட்டுக் கட்டிய ஆப்பிள் ஆறு, மோன்ட்மோரன்சி வகைப் புளிப்புச் செர்ரி இரண்டு. எதுவும் இரண்டரை மீட்டர் உயரத்தைத் தாண்டவில்லை.

இடத்தின் அமைப்பைச் சொல்லாமல் பின்னால் நடந்தது புரியாது. வடக்கே மூன்று மாடிச் செங்கல் கட்டடம். அதன் தெற்கு முகம் தோட்டத்தைப் பார்த்தபடி நிற்பதால் பகல் வெயிலைக் குடித்து இரவில் வெளிவிடும். கிழக்கே நான்கு மீட்டர் உயரமான ரயில் பாதை மேடு. அதன் அடிவாரத்தில் இரண்டு ஆப்பிள் மரங்கள், அவற்றை ஒட்டி இடைவெளி இல்லாத பலகை வேலி. சிகாகோ தட்டையான ஊர்தான். ஆனாலும் தெளிந்த இரவில் தரையோடு ஊர்ந்து வரும் குளிர்ந்த காற்றுக்கு ஒரு மேடும் ஒரு வேலியும் போதும், அங்கேயே தேங்கிவிடும்.

வழக்கமான ஆண்டில் இந்தப் பகுதியில் கடைசி உறைபனி ஏப்ரலின் பிற்பாதியில் விழும். இது நடுமதிப்பு. அதாவது இரண்டு ஆண்டுகளில் ஓராண்டு அதற்குப் பிறகும் உறைபனி வரும். உள்ளூர்க்காரர்கள் தக்காளிக்கு மே இரண்டாம் ஞாயிறான அன்னையர் தினத்தையும், மிளகாய், கத்தரிக்கு மே கடைசியையும் கணக்காக வைத்திருப்பது அதனால்தான். ஆப்பிள் பூப்பது ஏப்ரல் கடைசியிலிருந்து மே முதல் பாதிக்குள்.

## மார்ச்சில் கண்டது

2011-12 குளிர்காலமே மிதமாக இருந்தது. பனிப்போர்வை சீக்கிரம் கரைந்துவிட்டது. வெள்ளைப் பனி இல்லாவிட்டால் வெயிலின் பெரும்பங்கு திருப்பி அனுப்பப்படாமல் நேரே மண்ணையும் காற்றையும் சூடாக்கும். அந்த நிலையில் தெற்கிலிருந்து வந்த வெப்பக் காற்று ஒரே இடத்தில் நின்றுகொண்டது. மார்ச் 14 முதல் 22 வரை ஒன்பது நாளும் சிகாகோவில் அந்தந்தத் தேதிக்கான வெப்பச் சாதனை முறியடிக்கப்பட்டது. 21ஆம் தேதி 87 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 30.6 செல்சியஸ். அந்தத் தேதிக்கு வழக்கமான பகல் வெப்பம் 9 செல்சியஸை ஒட்டியிருக்கும். மாதச் சராசரி 53.5 ஃபாரன்ஹீட்டாக முடிந்தது. அது ஒரு சாதாரண ஏப்ரலைவிட வெப்பம். இனி எல்லா அளவுகளும் செல்சியஸில்.

தோட்டத்தில் மொட்டுகள் நாளுக்கு நாள் மாறின. மார்ச் நடுவில் வெள்ளி நுனி காட்டிய ஆப்பிள் மொட்டுகள், மாதம் முடியும் முன் கொத்தாகப் பிரிந்து நின்றன. புளிப்புச் செர்ரி அதற்கும் முன்னே ஓடியது. காரணம் எளிது. ஆப்பிளுக்கு உறக்கம் கலைய, உறைநிலைக்குச் சற்று மேலே கிட்டத்தட்ட ஆயிரம் மணி நேரக் குளிர் வேண்டும். சிகாகோவில் அது மார்ச்சுக்கு முன்பே நிறைந்துவிடும். அதற்குப் பிறகு மரம் எதிர்பார்ப்பது வெப்பத்தை மட்டுமே. எத்தனை நாள் வெப்பம் கிடைக்கிறதோ அத்தனை அடி முன்னே வைக்கும். வைத்த அடியைத் திரும்ப எடுக்காது. இழந்த குளிர்த்தாங்கும் சக்தி அந்தப் பருவத்தில் மீண்டும் வருவது மிகக் குறைவு.

பாத்திகளில் 10 சென்டிமீட்டர் ஆழத்தில் காலை வெப்பம் 12, மாலை 17 டிகிரி. மேட்டுப்பாத்தி தரையைவிடச் சீக்கிரம் சூடாவது இயல்பு. கடைகளில் தக்காளி நாற்றுகள் வெளியே வைக்கப்பட்டுவிட்டன. உறுப்பினர்களில் பலர், இந்த ஆண்டு கோடை ஒன்றரை மாதம் முன்னே வந்துவிட்டது, காத்திருப்பது வீண் என்று நம்பத் தொடங்கினார்கள்.

## முதல் முடிவு: எதை நடுவது

தோட்டக் குழுவில் இரண்டு கருத்துகள் இருந்தன. அனுபவமுள்ளவர்கள் சொன்ன வாதம் இது: மார்ச் வெப்பம் மண்ணைச் சூடாக்கலாம், மொட்டைத் திறக்கலாம். ஆனால் ஏப்ரலில் கனடாவிலிருந்து இறங்கும் குளிர்க்காற்று எப்போது வரும் என்பதை அது தீர்மானிப்பதில்லை. போதாததற்கு ஏரி இன்னும் சில்லென்று இருந்தது. கிழக்குக் காற்று திரும்பினால் ஒரு மணி நேரத்தில் பத்து டிகிரி இறங்கும் ஊர் இது. பயிர்க் காப்பீட்டில்கூட, குறிப்பிட்ட தேதிக்கு முன் விதைத்த சோளத்துக்கு மறுநடவுச் செலவு தருவதில்லை. பணம் போட்டவர்கள் ஒரு வார வெயிலை நம்புவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

ஒப்புக்கொண்ட ஏற்பாடு: வெப்பத்தைக் குளிர்ப்பயிருக்குப் பயன்படுத்துவது. பட்டாணி, பசலை, முள்ளங்கி, லெட்யூஸ், கேல், வெங்காயக் கிழங்கு, உருளைக்கிழங்கு எல்லாம் மார்ச் மூன்றாம் வாரத்திலேயே மண்ணுக்குள் போயின. பட்டாணியும் பசலையும் மண் 5 டிகிரியில்கூட முளைக்கும். லேசான உறைபனி இலையை ஒன்றும் செய்யாது. உருளைக்கிழங்கின் தளிர் கருகினாலும் கிழங்கிலிருந்து மறுபடி வரும், இழப்பு இரண்டு வாரம்தான்.

தக்காளியை மே நடுவரை நிறுத்தி வைக்கச் சொன்னார்கள். ஆனால் பாத்தி அவரவர் பொறுப்பு என்பது தோட்டத்தின் விதி, கட்டாயப்படுத்த முடியாது. ஐந்து பாத்திகளில் மார்ச் கடைசி வாரத்தில் தக்காளி ஏறியது. அவற்றில் இரண்டு பாத்திக்காரர்கள் ஒவ்வொரு நாற்றைச் சுற்றியும் தண்ணீர்க் குழாய்ச் சுவர் வைத்தார்கள். குழாய் குழாயாகத் தைத்த பிளாஸ்டிக் வளையம் அது. தண்ணீர் நிரப்பினால் பகலில் சூட்டை வாங்கி இரவில் விடும். மற்ற மூவர் வெறுமனே விட்டார்கள்.

## இரண்டாம் முடிவு: மரங்கள்

பூப்பதைத் தள்ளிப்போடலாம் என்று ஒரு யோசனை வந்தது. வேர்ப்பகுதியில் மரச்சீவல்களைக் குவித்து மண்ணைக் குளிராக வைத்தால் மரம் தாமதிக்கும் என்பது பரவலான நம்பிக்கை. அது நடக்காது. மொட்டு விரிவதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது மொட்டைச் சுற்றியுள்ள காற்றின் வெப்பம்; வேர் குளிர்ந்திருந்தாலும் கிளையில் சேமித்த சத்தைக் கொண்டே பூ திறந்துவிடும். மேலும், குவித்த மூடாக்கு உறைபனி இரவில் கேடு. பகலில் மண்ணுக்குள் சூடு போகவும் விடாது, இரவில் வெளிவரவும் விடாது. இருந்த வைக்கோலையும் மரத்தடியிலிருந்து வாரி எடுக்கத்தான் முடிவானது.

அடுத்து, எந்த வெப்பத்தில் எவ்வளவு சேதம் என்ற அட்டவணையை அச்சிட்டுக் கொட்டகைக் கதவில் ஒட்டினார்கள். மிச்சிகன், வாஷிங்டன் மாநிலப் பழ விவசாயிகள் பல்லாண்டுகளாகப் பயன்படுத்தும் கணக்கு அது. அரை மணி நேரம் அந்த வெப்பம் நீடித்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்கிறது. ஆப்பிள் மொட்டிலிருந்து பச்சை இலை அரை அங்குலம் நீண்டிருக்கும்போது மைனஸ் 5 டிகிரியில் பத்தில் ஒரு பங்கு சாகும், மைனஸ் 9.4இல் பத்தில் ஒன்பது. கொத்து பிரியும் நிலையில் இவை மைனஸ் 2.8, மைனஸ் 6.1. முழுப் பூவில் மைனஸ் 2.2, மைனஸ் 3.9. கடைசி வரியைக் கவனிக்க வேண்டும்: பூ திறந்த பிறகு சிறு சேதத்துக்கும் முழு நாசத்துக்கும் இடையே இருப்பது இரண்டு டிகிரிக்கும் குறைவு. செர்ரிப் பூவுக்கும் ஏறத்தாழ இதே எல்லைகள்தான்.

இரண்டு டிகிரியில் தலைவிதி மாறும் என்றால் வெப்பமானி சரியாக இருக்க வேண்டும். தோட்டத்தில் இருந்தது செங்கல் சுவரில் ஆணி அடித்து மாட்டிய ஒன்று. அது சுவரின் வெப்பத்தைத்தான் காட்டிக்கொண்டிருந்தது. குறைந்தபட்ச வெப்பத்தைப் பதிவுசெய்யும் மூன்று வெப்பமானிகள் வாங்கி, நொறுக்கிய பனிக்கட்டியும் தண்ணீரும் கலந்த பாத்திரத்தில் ஒன்றாக அமிழ்த்திப் பார்த்தார்கள். ஒன்று 0க்குப் பதிலாக 0.8 காட்டியது. அந்த வித்தியாசத்தை அதன் முதுகிலேயே எழுதி, ஒன்றைச் சுவரோர மரத்திலும், ஒன்றைச் செர்ரியிலும், ஒன்றை ரயில் மேட்டடி ஆப்பிளிலும் பூ இருக்கும் உயரத்தில், மேலே சிறு மறைப்புப் பலகையோடு கட்டினார்கள். நகரத்தின் அதிகாரபூர்வ அளவு ஓஹேர் விமான நிலையத்தில் எடுப்பது. அது வெட்டவெளி, தோட்டத்தோடு எப்போதும் ஒத்துப்போகாது. சில இரவுகள் ஒப்பிட்டதில் சுவரோரம் மேட்டடியைவிட இரண்டு டிகிரி வரை சூடாக இருப்பது தெரிந்தது.

இன்னொன்றும் முன்கூட்டியே பேசப்பட்டது. தேசிய வானிலை சேவை உறைபனி எச்சரிக்கை விடுவது வளர்பருவம் தொடங்கிவிட்டது என்று கருதப்படும் காலத்துக்குத்தான். பருவம் முன்னே ஓடிய ஆண்டில், எச்சரிக்கை வரவில்லை என்பதைப் பாதுகாப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. முன்னறிவிப்பில் குறைந்தபட்ச வெப்பம், காற்றின் வேகம், மேகம், பனிப்புள்ளி நான்கையும் தினமும் பார்க்க ஒருவர் பொறுப்பேற்றார். பனிப்புள்ளியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். காற்றில் ஈரம் இருந்தால், வெப்பம் பனிப்புள்ளியைத் தொட்டதும் நீர் படிந்து வெப்பத்தை விடும், இறக்கம் மெதுவாகும். பனிப்புள்ளி மைனஸ் 7 என்றால் அந்தத் தடுப்பு இல்லை.

## எதை மூடுவது, எதை விடுவது

கையில் இருந்தது சதுர மீட்டருக்கு 50 கிராம் எடையுள்ள நெய்யாத பயிர்த்துணி. மெல்லிய 17 கிராம் துணி ஒரு டிகிரிதான் காக்கும். இந்தத் தடிப்பு இரண்டரை, மூன்று டிகிரி வரை தாங்கும். ஆனால் ஒரு மரத்தை உச்சியிலிருந்து நாலாபக்கமும் தரை தொட மூட ஏறத்தாழ 6க்கு 6 மீட்டர் துணி வேண்டும். தரை தொடாவிட்டால் பயனில்லை, ஏனென்றால் துணி தானாகச் சூடு தருவதில்லை. மண்ணிலிருந்து எழும் வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது, அவ்வளவே. கணக்குப் போட்டதில் மூன்று மரத்துக்குத்தான் துணி இருந்தது.

ஆறு ஆப்பிளா, இரண்டு செர்ரியா? எண்ணிக்கையைப் பார்த்தால் ஆப்பிள்தான் முந்தும். குழு செர்ரியைத் தேர்ந்தது. ஆப்பிள் மரம் தேவைக்கு மிகமிக அதிகமாகப் பூக்கும். நூறில் ஐந்து முதல் பத்துப் பூ காயானாலே முழு விளைச்சல். கொத்தின் நடுப்பூ முதலில் திறந்து முதலில் சாகும், சுற்றியுள்ள பூக்கள் சில நாள் பின்தங்கி இருப்பதால் தப்பும். புளிப்புச் செர்ரிக்கு இந்தத் தாராளம் கிடையாது. காய் சிறியது. பூக்களில் கால்பங்குக்கு மேல் காயானால்தான் பறிக்கும் அளவு தேறும். ஆகவே துணி இரண்டு செர்ரிக்கும், மீந்தது முன்னால் பூத்த ஓர் ஆப்பிளுக்கும். மேட்டடி ஆப்பிள் இரண்டையும் கைவிடுவது என்று வெளிப்படையாகவே பேசி முடித்தார்கள். அங்கே மூன்று டிகிரி ஏற்றினாலும் போதாது என்பது வெப்பமானியில் தெரிந்திருந்தது.

தண்ணீர் தெளித்துப் பனிக்கட்டிக்குள் பூவைக் காக்கும் முறையும் விவாதிக்கப்பட்டு விலக்கப்பட்டது. தண்ணீர் உறையும்போது ஒரு கிராமுக்கு 334 ஜூல் வெப்பம் விடும் என்பது உண்மை. ஆனால் ஒரு கிராம் ஆவியானால் ஏறத்தாழ 2,500 ஜூல் பறிபோகும். தெளிப்பு இடையில் நின்றால், அல்லது வறண்ட காற்று வீசினால், ஈரமான பூ வறண்ட பூவைவிடக் கேடாகச் சாகும். காலையில் பனிக்கட்டி தானாக உருகும்வரை நிறுத்தக் கூடாது. ஏப்ரலில் தோட்டத்துக்கு இன்னும் குழாய் இணைப்பே திறக்கவில்லை. தொட்டியில் சேர்ந்த மழைநீர்தான். அந்த நீரைச் செர்ரி மரத்தடி மண்ணில் மரத்துக்கு 100 லிட்டர் வீதம் குளிர் வருவதற்கு இரண்டு நாள் முன்பே ஊற்றினார்கள். ஈரமான, வெறுமையான, இறுகிய மண் பகலில் அதிக வெப்பத்தை வாங்கி இரவில் தரும்.

வெப்பத்துக்குப் பழைய கிறிஸ்துமஸ் விளக்குச் சரங்கள். ஒவ்வொரு பல்பும் 7 வாட், சரத்துக்கு 25, மரத்துக்கு இரண்டு சரம். ஆக மரத்துக்கு 350 வாட். இழை எரியும் பழைய வகைதான் வேண்டும், எல்இடி சரம் வெளிச்சம் தரும், வெப்பம் தராது. பக்கத்துக் கட்டடக்காரரின் அனுமதியோடு, மின்கசிவு கண்டால் தானே துண்டிக்கும் வெளிப்புறச் செருகியிலிருந்து இழுத்தார்கள். பல்பு துணியில் படாமல் கிளையின் உட்புறத்தில் கட்டப்பட்டது.

## உறைபனி இரவுகள்

மார்ச் கடைசியில் ஒரு குளிர் இறங்கியது. மொட்டுகள் கொத்து நிலையில் இருந்ததால் மைனஸ் 2 பெரிய சேதம் செய்யவில்லை. ஏப்ரல் இரண்டாம் வாரத்தில்தான் சோதனை வந்தது. அப்போது செர்ரி முழுப் பூ. ஆப்பிளில் நடுப்பூக்கள் திறந்து, மற்றவை இளஞ்சிவப்பு மொட்டாக நின்றன.

முதல் இரவு காற்றோடு வந்த குளிர். இத்தகைய இரவில் மேலே கீழே எங்கும் ஒரே குளிர்; மண்ணின் வெப்பத்தைக் காற்று அடித்துச் சென்றுவிடும். துணி பெரிதாக உதவாது. தோட்டத்தில் அது உதவாததோடு, செங்கல் மட்டும் வைத்து நிறுத்தியிருந்த துணி படபடத்து ஒரு செர்ரியின் மேற்குப்பக்கப் பூக்களை உதிர்த்தது. குறைந்தபட்சம் மைனஸ் 1.5 என்பதால் மூடாமலே விட்டிருக்கலாம்.

இரண்டாம் இரவு காற்று அடங்கி வானம் தெளிந்தது. மின்கம்பி செல்லும் குழாய்களை வளைத்து மரத்துக்கு மேல் சட்டம் அமைத்து, அதன் மேல் துணியைப் போட்டு, ஓரத்தை மண்ணில் புதைத்தார்கள். சூரியன் மறையும் முன்பே மூடிவிட வேண்டும், இருட்டிய பிறகு மூடினால் பிடித்து வைக்க வெப்பம் மீந்திருக்காது. நள்ளிரவுக்கு முன் விளக்கு எரிந்தது. விடியலுக்குச் சற்று முன் எடுத்த அளவு: மேட்டடி மைனஸ் 4.2, திறந்த நடுப்பகுதி மைனஸ் 3.3, சுவரோரம் மைனஸ் 2, செர்ரித் துணிக்குள் மைனஸ் 0.6. ஆப்பிளை மூடிய துணிக்குள் விளக்கில்லை. அங்கே மைனஸ் 1.4.

துணியை எடுத்தது வெப்பம் 0க்கு மேல் ஏறிய பிறகு. அதை மறந்து நண்பகல்வரை விடுவதும் தவறு. உள்ளே சூடேறும், தேனீ நுழைய முடியாது. தேனீ 13 டிகிரிக்குக் கீழே வெளியே வருவது அரிது, அந்த வாரத்தில் அவற்றுக்குக் கிடைத்த நேரமே பிற்பகலில் இரண்டு மூன்று மணிதான்.

## வெட்டிப் பார்த்தது

உறைந்த பூ அன்று காலை வெளிப்பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும். இதழ் வெள்ளையாகவே இருந்தாலும் உள்ளே சூலகம் செத்திருக்கலாம். பல மணி நேரம் கழித்து மரத்துக்கு நூறு பூ வீதம், மேல் கீழ், உள் வெளி எல்லாப் பக்கத்திலும் பறித்து, சவர அலகால் நெடுக்காக வெட்டினார்கள். நடுவில் பச்சையாக இருந்தால் உயிர், பழுப்பாக இருந்தால் இல்லை.

மேட்டடி ஆப்பிள்களில் நடுப்பூ ஒன்றுகூடத் தப்பவில்லை, ஓரப்பூக்களில் பத்தில் ஒன்று பச்சை. திறந்த பகுதி ஆப்பிளில் நடுப்பூக்கள் போயின, ஓரப்பூக்களில் பாதி தப்பின. சுவரோர மரங்களில் பெரும்பாலும் நலம். செர்ரியில் கீழ்ப்பகுதியில் முக்கால் பங்கு உயிரோடு இருந்தது. சட்டம் சற்றுத் தாழ்ந்து துணி பூவைத் தொட்ட உச்சியில் எல்லாம் பழுப்பு. தொட்ட இடத்தில் துணி வெளிக்குளிரை நேரே கடத்தும்.

இந்த எண்ணிக்கையை வைத்துத்தான் அடுத்த முடிவுகள். வழக்கமாக மே மாதத்தில் ஆப்பிள் காய்களை 15 சென்டிமீட்டருக்கு ஒன்று என்று கலைத்துவிடுவார்கள். அந்த ஆண்டு, மரம் மிகுதிக் காய்களைத் தானே உதிர்க்கும் ஜூன் உதிர்வு முடியும்வரை கையே வைக்கவில்லை. மேட்டடி மரங்களுக்கு உரம் நிறுத்தப்பட்டது. காய் இல்லாத மரத்துக்குத் தழைச்சத்து கொடுத்தால் காய்க்காத நீர்த்தண்டு மட்டும் எகிறும், அடுத்த ஆண்டு அதை வெட்டுவதே வேலையாகிவிடும்.

## தக்காளிப் பாத்திகள்

வெறுமனே விட்ட மூன்று பாத்திகளும் அந்த இரவில் கருகின. அதற்கு முன்பே அவை நன்றாக இல்லை. இரவு 4, 5 டிகிரிக்கு இறங்கும்போது வேர் மணிச்சத்தை எடுக்காது, இலையின் அடிப்பக்கம் ஊதா நிறமாகும், செடி நின்ற இடத்திலேயே நிற்கும். தண்ணீர்ச் சுவருக்குள் இருந்த இரண்டு பாத்திகள் பிழைத்தன. ஆனால் மே நடுவில் நட்ட பாத்திகள் ஜூன் கடைசியில் உயரத்தில் அவற்றை எட்டிப் பிடித்தன. முதல் பழத்தில் இருந்த வித்தியாசம் ஒரு வாரம். அந்த முதல் பழங்களும் தழும்பும் மடிப்புமாக வந்தன, ஏனெனில் குளிரில் உருவான பூமொட்டின் சூலகம் ஒழுங்காக வளராது. ஒன்றரை மாத உழைப்புக்கு ஒரு வாரம் என்பது மோசமான பேரம்.

குளிர்ப்பயிர்கள் நல்ல லாபம். முள்ளங்கி ஏப்ரலிலேயே வந்தது. பட்டாணி மே கடைசியில் முடிந்தது. உருளைத் தளிர் கருகி மறுபடி வந்தது. பசலை மட்டும் மே மாதச் சூட்டில் சீக்கிரம் பூத்தண்டு விட்டது.

## கோடை

ஜூன் வறண்டது. அந்த ஆண்டின் மத்திய மேற்கு வறட்சி தோட்டத்தையும் விடவில்லை. ஜூலை 4, 5, 6 மூன்று நாளும் சிகாகோவில் 38 டிகிரியைத் தாண்டியது. வசந்தத்தில் சீக்கிரம் சூடாகி உதவிய மேட்டுப்பாத்தி இப்போது சீக்கிரம் காய்ந்து வதைத்தது.

வாரத்துக்கு 25 மில்லிமீட்டர் என்பது பொதுக் கணக்கு. 2.88 சதுர மீட்டர் பாத்திக்கு அது 72 லிட்டர். அந்த வாரங்களில் அதை இரட்டித்து, மூன்று தவணையாக, விடியலில் ஊற்ற முடிவானது. நகராட்சி அனுமதியோடு தெருவின் தீயணைப்புக் குழாயிலிருந்து தண்ணீர் வந்தது. 8 சென்டிமீட்டர் வைக்கோல் மூடாக்கு திரும்பப் போடப்பட்டது.

தக்காளிப் பூக்கள் உதிர்ந்தன. பகல் 32, இரவு 24 டிகிரிக்கு மேல் நீடித்தால் மகரந்தம் செயலிழக்கும். உரமோ மருந்தோ இதைத் திருத்தாது. காயின் அடியில் கருத்த அழுகலும் தோன்றியது. சிலர் முட்டை ஓட்டையும் எப்சம் உப்பையும் எடுத்து வந்தார்கள். ஏரித் தண்ணீரிலும் இந்த மண்ணிலும் சுண்ணாம்புச்சத்து ஏற்கெனவே இருக்கிறது. அது காய்க்குப் போகாததற்குக் காரணம், ஒருநாள் வறட்சி ஒருநாள் வெள்ளம் என்ற நீர்ப்பாய்ச்சல். எப்சம் உப்பின் மக்னீசியம் சுண்ணாம்புச்சத்தோடு போட்டி போட்டு நிலைமையைக் கெடுக்கும். தவணை சீரானதும் அடுத்த கொத்துக் காய்கள் சுத்தமாக வந்தன.

## விளைவு

இரண்டு செர்ரியும் சேர்ந்து வழக்கமாக 30 கிலோ தருபவை. அந்த ஆண்டு 11 கிலோ. அதே வசந்தத்தில் ஏரிக்கு அக்கரையில் மிச்சிகன் மாநிலத்தின் புளிப்புச் செர்ரி முந்தைய ஆண்டின் பத்தில் ஒரு பங்குகூடத் தேறவில்லை என்பதோடு சேர்த்துப் பார்த்தால் இது மோசமில்லை. மேட்டடி ஆப்பிள் இரண்டிலும் சேர்த்து ஒரு கூடைகூட இல்லை. வந்த சில பழங்களின் தோலில் இடுப்பைச் சுற்றிப் பழுப்பு வளையம், உறைபனித் தழும்பு. உண்ணலாம், அழகில்லை. மற்ற நான்கும் வழக்கத்தில் அறுபது சதவீதம் தந்தன. துணி போட்ட ஆப்பிளுக்கும் சுவரோரம் சும்மா நின்ற ஆப்பிளுக்கும் விளைச்சலில் வித்தியாசம் தெரியவில்லை.

காய்க்காத மரங்கள் மிச்சம் பிடித்த சத்து 2013இல் பூவாகக் கொட்டியது. அதைக் கணக்கில் எடுத்து அந்த மே மாதத்தில் கடுமையாகக் கலைத்தார்கள். கலைக்காமல் விட்டால் ஓராண்டு குவியல், ஓராண்டு வெறுமை என்ற சுழற்சியில் மரம் சிக்கிக்கொள்ளும்.

## மாற்றியவை

மேட்டடி மரங்களை நகர்த்த வயது கடந்துவிட்டது. பலகை வேலியின் அடியில் 30 சென்டிமீட்டர் அறுத்து எடுத்துக் குளிர்காற்றுக்கு வழி விட்டார்கள். அடுத்த தெளிந்த இரவுகளில் மேட்டடிக்கும் நடுப்பகுதிக்கும் இருந்த வித்தியாசம் பாதியாகக் குறைந்தது. அங்கே ஒரு மரம் பட்டுப்போனால் பழமரம் வைப்பதில்லை என்று தீர்மானம். புதிதாக வாங்கும் ஆப்பிளில் தாமதமாகப் பூக்கும் வகைகளுக்கே இடம்.

சட்டங்கள் இப்போது செர்ரியைவிட 40 சென்டிமீட்டர் உயரமாக நிரந்தரமாக நிற்கின்றன. துணியின் ஓரத்துக்குச் செங்கலுக்குப் பதில் மணல் பைகள். மணிக்கு 15 கிலோமீட்டருக்கு மேல் காற்று வீசும் இரவில் துணி போடுவதில்லை. துணி ஒவ்வொன்றிலும் எந்த மரத்துக்கு என்று சாயத்தால் குறி; மாலை ஐந்து மணிக்கு நான்கு பேர் இருந்தால் முக்கால் மணி நேரத்தில் மூடிவிடலாம்.

தக்காளி விதி எழுதப்பட்டது: 10 சென்டிமீட்டர் ஆழத்தில் காலை மண் வெப்பம் 15 டிகிரி, அடுத்த பத்து நாள் முன்னறிவிப்பில் இரவு 10க்குக் கீழே இல்லை, தேதி மே 10ஐத் தாண்டியிருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் பொது நாற்றுகள் வழங்கப்படும். முன்னே நட விரும்புபவர் தன் செலவில் நாற்று வாங்கிக்கொள்ளலாம். ஆண்டுக்கு ஒருவராவது வாங்குகிறார்.